வௌவாலின் சிறகு கரையாமல் இருக்க: ஹாலோவீன் குக்கி கேள்வி–பதில்

அக்டோபர் பிறந்துவிட்டாலே அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் வாசகிகளிடமிருந்து ஒரே மாதிரியான கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். 31-ஆம் தேதி ஹாலோவீன், பள்ளியில் பார்ட்டி, அலுவலகத்தில் பார்ட்டி, வீட்டில் பிள்ளையின் நண்பர்கள், பேய் பிசாசு குக்கி எப்படிச் செய்வது என்று. அதனால் இந்த முறை மொத்தப் பக்கத்தையும் குக்கிக்கே கொடுத்துவிட்டேன்.

அக்கா, வௌவால் அச்சில் அழகாக வெட்டித்தான் ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தால் சிறகும் இல்லை, காதும் இல்லை, ஏதோ ஒரு வட்டமான பிஸ்கட். எதனால் இப்படி ஆகிறது?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

வெண்ணெயால். அது 35 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகி ஓட ஆரம்பித்துவிடும். மாவும் முட்டையும் வெந்து இறுகுவதற்கு அதைவிட எவ்வளவோ அதிகச் சூடு வேண்டும். வெண்ணெய் இளகிவிட்ட, ஆனால் மாவு இன்னும் இறுகாத அந்தச் சில நிமிடங்களில்தான் சிறகு பரவி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே வெட்டிய துண்டு எவ்வளவு ஜில்லென்று ஓவனுக்குள் போகிறதோ அவ்வளவு தூரம் உருவம் நிற்கும். அலங்காரத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை மாவைக் குளிர வைப்பதற்குக் கொடுங்கள், ஏனென்றால் கூர்மையான காது உள்ள வௌவாலுக்கு ஐசிங்கே இல்லாவிட்டாலும் பார்ட்டியில் அது வௌவால்தான்.

அளவு சொல்கிறேன். உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம் (அமெரிக்கக் கடையில் இரண்டு ஸ்டிக்), சர்க்கரை 200 கிராம், முட்டை ஒன்று, வெனிலா இரண்டு டீஸ்பூன், மைதா 375 கிராம், உப்பு அரை டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேண்டாம், பல குறிப்புகளில் போடச் சொல்லியிருப்பார்கள், ஆனால் அச்சில் வெட்டும் குக்கிக்கு அது எதிரி, உப்ப வைத்து ஓரத்தை மழுங்கடித்துவிடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்ந்து வரும்வரை அடித்தால் போதும், கேக்குக்கு அடிப்பது போல வெளுக்கிற வரை அடித்தால் உள்ளே காற்று ஏறி, அதுவும் பரவும். மைதாவைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கப்பால் அமுக்கி எடுத்தால் ஒரு தடவை 120 கிராம் வரும், அடுத்த தடவை 150 வரும், அப்புறம் மாவு ஏன் உதிர்கிறது, ஏன் ஒட்டுகிறது என்று புரியவே புரியாது.

பிசைந்தவுடனே, மாவு மென்மையாக இருக்கும்போதே, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூரிக்கட்டையால் தேய்த்துவிடுங்கள். அதை அப்படியே தட்டோடு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். உருண்டையாகக் குளிர வைத்துவிட்டு அப்புறம் தேய்க்கப் போனால் கல் மாதிரி இருக்கும், கை வலிக்கும், ஓரம் வெடிக்கும். குளிர்ந்ததும் அச்சில் வெட்டி, வெட்டியதை மறுபடி கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, 175 டிகிரி (350 ஃபாரன்ஹீட்) ஓவனில் 9 முதல் 11 நிமிடம். ஓரம் லேசாகச் சிவக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள், நடுவில் வெளிறித்தான் இருக்கும், ஆறினால் இறுகிவிடும்.

இன்னொன்று, முதல் தட்டு வெளியே வந்த சூட்டோடு அதே தட்டில் இரண்டாவது வரிசையை அடுக்காதீர்கள். ஓவனுக்குள் போகும் முன்பே வெண்ணெய் உருகிவிடும். தட்டைத் தண்ணீர்க் குழாயில் காட்டி ஆறவிட்டு அடுக்குங்கள். சிறகு நுனி மட்டும் கருகுகிறது என்றால் சின்ன உருவங்களையும் பெரிய உருவங்களையும் ஒரே தட்டில் கலந்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சூனியக்காரி விரல் குக்கி செய்தேன். ஓவனிலிருந்து வந்தபோது எல்லாம் குண்டு குண்டாக, விரல் மாதிரியே இல்லை. பாதாம் நகமும் கழன்று விழுகிறது.
– வாசகி, மில்டன், ஒன்டாரியோ

எனக்கு ஹாலோவீன் குக்கிகளிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். அச்சும் வேண்டாம், ஐசிங்கும் வேண்டாம், கை மட்டும் போதும்.

மேலே சொன்ன மாவில் சர்க்கரைக்குப் பதில் ஐசிங் சுகர் 125 கிராம், மைதா 335 கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள், மாவு இழைவாக வரும். குண்டாவதற்குக் காரணம், நம் விரல் தடிமனுக்கே உருட்டிவிடுகிறோம். ஓவனில் அது இன்னும் பருக்கும். உங்கள் சுண்டுவிரலில் பாதி தடிமன்தான் இருக்க வேண்டும், உருட்டும்போது "இது ரொம்ப ஒல்லி" என்று தோன்றினால் சரியான அளவு. நீளம் மூன்று அங்குலம். அப்புறம் மூட்டு. நடுவில் ஒரு இடத்தைத் தொடாமல் விட்டு, அதற்கு மேலும் கீழும் இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி ஒடுக்குங்கள், தொடாத இடம் தானாகப் புடைத்து எலும்பு முட்டியாகிவிடும். உங்கள் சொந்த விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள், முட்டியின் மேல் இருக்கும் சுருக்கம் நேர்க்கோடாக இருக்காது, நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் விலகியும் இருக்கும். கத்தியின் பின்பக்கத்தால் அதே மாதிரி மூன்று கோடு, ஒன்று நீளம், இரண்டு சின்னது. ஒரே நீளத்தில் மூன்று கோடு போட்டால் பொம்மை விரலாகிவிடும்.

நகத்துக்குப் பாதாம். வெந்நீரில் ஊறவைத்துத் தோலை உரித்தால் வெளிறிய நகம், உரிக்காமல் வைத்தால் பழுப்பேறிய கிழவி நகம், எனக்குப் பின்னதுதான் பொருத்தமாகப் படுகிறது. நுனியில் அழுத்தி வைத்து, ஃப்ரீசரில் கால் மணி நேரம் இருக்கட்டும், பிறகு 160 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் பேக் செய்யுங்கள். நகம் கழன்று வருவது நல்லதுதான், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆறியதும் எல்லா நகத்தையும் மெதுவாக நெம்பி எடுத்து, அந்தக் குழியில் ஒரு துளி ஸ்ட்ராபெரி ஜாமோ ராஸ்ப்பெரி ஜாமோ வைத்து, நகத்தைத் திரும்ப அமுக்குங்கள். நகக்கண்ணைச் சுற்றி ரத்தம் பிதுங்கி வருவது போல ஜாம் கசியும், அதே ஜாம்தான் பசையாகவும் பிடித்துக்கொள்ளும். கடைசியாக, காய்ந்த சின்ன பிரஷ்ஷில் கொஞ்சம் கோகோ பவுடர் தொட்டுச் சுருக்கக் கோடுகளில் தடவுங்கள். கல்லறை மண் ஒட்டிய மாதிரி இருக்கும். பிள்ளைகள் அலறிக்கொண்டே எடுத்துக் கடிப்பார்கள்.

மகள் வகுப்பில் கடலை, நட்ஸ் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்னதான் செய்து அனுப்புவது?
– வாசகர், டாலஸ்

முதலில், வீட்டில் செய்ததை வாங்கிக்கொள்வார்களா என்று ஆசிரியையிடம் கேட்டுவிடுங்கள். நிறையப் பள்ளிகளில் பொருட்களின் பட்டியல் அச்சிட்ட, சீல் பிரிக்காத கடைப் பாக்கெட்டைத்தான் அனுமதிக்கிறார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்ததைக் காலையில் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டால் பிள்ளை முகம் வாடிவிடும்.

வாங்கிக்கொள்வார்கள் என்றால் விரல் குக்கிக்குப் பாதாமுக்குப் பதில் பூசணி விதை வையுங்கள், பச்சை நகம், இன்னும் நன்றாக இருக்கும். கடலை வெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி விதை வெண்ணெய் கிடைக்கிறது, இதில் ஒரு அருமையான விஷயம் உண்டு. சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் இருக்கிறது, அது சமையல் சோடாவோடு சேரும்போது பச்சை நிறமாக மாறும். ஓவனிலிருந்து வரும்போது சாதாரண பழுப்பு நிறம்தான், ஆறிய பிறகு பிட்டுப் பார்த்தால் உள்ளே பாசி பிடித்த பச்சை, மறுநாள் இன்னும் கூடியிருக்கும். ஒரு துளி சாயம் கிடையாது, தின்றால் எந்தக் கெடுதலும் இல்லை. மற்ற மாதங்களில் இதைக் கண்டு பதறி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு, ஹாலோவீனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விதை வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை ஒன்று, சமையல் சோடா ஒரு டீஸ்பூன், மைதாவே கிடையாது. உருட்டித் தட்டி 175 டிகிரியில் பத்து நிமிடம்.

ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டு மிக்ஸி ஜாரில் நேற்றுதான் கடலைச் சட்னி அரைத்திருப்போம், பூரிக்கட்டையில் கடலை போளி தேய்த்திருப்போம், எள்ளுப் பொடி டப்பா பக்கத்திலேயே திறந்திருக்கும். எள்ளும் 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள். வகுப்பில் கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தை இருப்பது தெரிந்தால் வீட்டுக் குக்கி வேண்டாம், பென்சில், ஸ்டிக்கர் என்று ஏதாவது கொடுத்தனுப்புங்கள். ஹாலோவீன் இரவில் சில வீட்டு வாசலில் நீலப்பச்சை வண்ணம் அடித்த பூசணிக்காயைப் பார்த்திருப்பீர்கள், தின்பண்டம் அல்லாத பரிசும் இங்கே உண்டு என்பதற்கான அடையாளம் அது. டென்னசியில் 2012-ல் ஒரு தாய் தொடங்கியது, 2014-ல் நாடு முழுக்கப் பரவியது.

நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. குக்கியை முட்டை இல்லாமல் செய்துவிடலாம், மேலே வைக்கிற கண், மிட்டாய் எல்லாம் சைவம்தானே?
– வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

இல்லை, அங்கேதான் பார்த்து வாங்க வேண்டும். முதலில் குக்கி: ஸ்காட்லாந்து ஷார்ட்பிரெட் இருக்கவே இருக்கிறது, பிறவியிலேயே முட்டை இல்லாதது. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று, அவ்வளவுதான் கணக்கு. 100, 200, 300 கிராம் என்று எடுத்துக்கொண்டு, மாவில் 40 கிராம் மட்டும் அரிசி மாவாக மாற்றினால் மொறுமொறுப்பு கூடும், ஸ்காட்லாந்திலேயே அப்படிச் செய்கிற பழக்கம் உண்டு. சேர்ந்து வந்ததும் நிறுத்திவிடுங்கள், அழுத்திப் பிசைய வேண்டாம். முட்டைக் குக்கியை விட உருவம் நன்றாகவே நிற்கும், 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம்.

இப்போது மேலே வைப்பது. மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டின், பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று நிறத்தில் சோளமணி உருவில் வரும் கேண்டி கார்னிலும் பல கம்பெனிகள் ஜெலட்டின் சேர்க்கின்றன. பளபளப்பான மிட்டாயில் "கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ்" என்று போட்டிருந்தால் அது அரக்கு, பூச்சியிலிருந்து வருவது. சிவப்பு நிறத்துக்குக் "கார்மைன்" என்று இருந்தால் அதுவும் பூச்சிதான், 2011-லிருந்து அமெரிக்காவில் இந்தப் பெயரை மறைக்காமல் லேபிளில் போட்டே ஆக வேண்டும். கடையில் விற்கும் மெரிங்கு பவுடர் உலர்த்திய முட்டை வெள்ளைக்கரு, ஆகவே அதை வைத்துச் செய்யும் ராயல் ஐசிங் உங்களுக்கு ஆகாது.

ஐசிங் சுகர் ஒரு கப், பால் மூன்று டீஸ்பூன், கார்ன் சிரப் இரண்டு டீஸ்பூன் கலந்தால் வழவழப்பான ஐசிங் தயார், காய ஒரு ராத்திரி முழுக்க எடுக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். கண்ணை நீங்களே வைத்துவிடலாம். வெள்ளை ஐசிங்கில் ஒரு பொட்டு, அது காய்ந்ததும் உள்ளே கறுப்புப் பொட்டு. கறுப்பை நட்ட நடுவில் வைக்காமல் ஒரு கண்ணில் மேலேயும் இன்னொன்றில் ஓரத்திலும் வைத்தால் பேய் முழிக்கிற முழி வந்துவிடும்.

கறுப்பு ஐசிங் எவ்வளவு சாயம் ஊற்றினாலும் சாம்பல் நிறம்தான் வருகிறது. வாயில் வைத்தால் கசக்கிறது.
– வாசகி, சிகாகோ

வெள்ளை ஐசிங்கில் ஆரம்பித்தால் அப்படித்தான், பாதி பாட்டில் காலியாகிக் கசப்புதான் மிஞ்சும். ஐசிங்கில் முதலில் இரண்டு மூன்று ஸ்பூன் கோகோ போட்டுப் பழுப்பாக்கிக்கொண்டு, அதற்கு மேல் கறுப்பு ஜெல் சாயம் கொஞ்சமாகச் சேருங்கள். கரும் சாம்பல் வந்ததும் நிறுத்தி, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கறுப்பாகியிருக்கும், நேரம் ஆக ஆக நிறம் ஆழமாவது ஜெல்லின் குணம். சிவப்புக்கும் இதேதான். பழைய சிவப்பு பாட்டில் அலமாரியில் கிடந்தால் லேபிளில் "ரெட் 3" இருக்கிறதா என்று பாருங்கள், அந்தச் சாயத்துக்கான அனுமதியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ரத்து செய்து, கம்பெனிகள் மாறிக்கொள்ள 2027 ஜனவரி வரை நேரம் கொடுத்திருக்கிறது.

என்னைக் கேட்டால் ஐசிங்கைக் கறுப்பாக்குவதை விட மாவையே கறுப்பாக்கிவிடுவது மேல். பிளாக் கோகோ என்று கிடைக்கிறது, காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான ஆல்கலி) சேர்த்து அமிலத்தை நன்றாகக் குறைத்த கோகோ அது, கரி நிறத்தில் இருக்கும். மைதாவில் 60 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்டால் வௌவால், பூனை, சிலந்தி எல்லாம் தானாகவே கறுப்பு. பல்லும் உதடும் கறுக்காது, சாக்லேட் ருசியும் கிடைக்கும். கரித்தூள் மட்டும் போடாதீர்கள். வயிற்றுக்குள் போன மருந்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளக் கூடியது அது, நியூயார்க் நகரில் 2018-ல் உணவகங்களில் அதைப் போடக் கூடாது என்று தடுத்தே விட்டார்கள்.

சிலந்தி வலை போடுவது எப்படி?
– வாசகி, லண்டன்

வெள்ளை ஐசிங் ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் கறுப்பு ஐசிங்கால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையம். உடனே டூத்பிக்கை நடுவில் வைத்து ஓரம் வரை இழுங்கள், எட்டுப் பக்கமும். ஒவ்வொரு இழுப்புக்கும் நுனியைத் துடைக்க மறக்காதீர்கள். ஐசிங்கை ஸ்பூனால் தூக்கி ஊற்றினால் அந்தத் தடம் பத்துப் பதினைந்து நொடிக்குள் மறைய வேண்டும், அதுதான் பதம்.

ஹாலோவீன் அச்சு எதுவும் இல்லை. ஒரு நாளுக்காக வாங்கவும் மனமில்லை.
– வாசகி, அட்லான்டா

வாங்க வேண்டாம். துலிப் பூ அச்சு இருந்தால் தலைகீழாகத் திருப்புங்கள், இதழ் நுனியெல்லாம் பேயின் கிழிந்த பாவாடை ஓரமாகிவிடும். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய ஜிஞ்சர்பிரெட் மனிதன் இருந்தால், கறுப்பு மாவில் வெட்டி வெள்ளைக் கோட்டால் விலா எலும்பு வரைந்தால் எலும்புக்கூடு, வெள்ளை ஐசிங்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டு மாதிரி இழுத்து இரண்டு கண் மட்டும் வெளியே தெரிய விட்டால் எகிப்து மம்மி. அச்சே இல்லையென்றால் டம்ளர் போதும், வட்டம்தானே பூசணிக்காய்.

வாசலில் செதுக்கி வைத்த பூசணிக்காயை வீணாக்காமல் குக்கிக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகி, பாஸ்டன்

செதுக்கி, உள்ளே விளக்கு வைத்து, நாள் கணக்கில் வெளியே இருந்ததை வாயில் வைக்கக் கூடாது. செதுக்காத காயாக இருந்தாலும் அந்த ரகம் நாரும் தண்ணீருமாக இருக்கும், ருசி கிடையாது. விதையை மட்டும் செதுக்குகிற அன்றே எடுத்துக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி ஓவனில் வறுத்துவிடுங்கள். குக்கிக்கு டின் பூசணி விழுதுதான் சரி, அமெரிக்காவில் அதற்கான பூசணி பெரும்பாலும் இல்லினாயில் விளைகிறது, சதைப்பற்றுள்ள தனி ரகம். பக்கத்திலேயே "பை மிக்ஸ்" என்று இன்னொரு டின் இருக்கும், அதில் சர்க்கரையும் மசாலாவும் கலந்திருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள். விழுதைப் பேப்பர் டவலில் பரப்பி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டால்தான் குக்கியாக வரும், இல்லாவிட்டால் கேக்தான். பூசணிக் குக்கிக்குப் போடும் மசாலாவைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். பட்டைத்தூள் மூன்று டீஸ்பூன், சுக்குத்தூள் இரண்டு, ஜாதிக்காய் ஒன்று, கிராம்பு அரை, எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான்.

தீபாவளி சமயத்தில் அடுப்பில் பேயும் மண்டையோடும் செய்யலாமா என்று மாமியார் வருத்தப்படுகிறார். அவருக்கு என்ன சொல்வது?
– வாசகி, சியாட்டில்

2024-ல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்றே வந்தது, அப்போதும் இதே கேள்வியோடு பலர் எழுதினார்கள். அத்தையிடம் இந்தப் பண்டிகை எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவு அது, இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை. பிறகு கிறிஸ்தவத்தில் நவம்பர் 1 புனிதர்களுக்கும், நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களுக்கும் என்றானது. நம் ஊரில் கத்தோலிக்கர்கள் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் அதே நவம்பர் 2 தான். பழைய இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழைகள் வீடு வீடாகப் போய் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பார்கள், பதிலுக்குச் சின்னச் சின்ன மசாலா கேக்குகள் கிடைக்கும், ஆன்மா கேக் என்றே அதற்குப் பெயர். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், 1840-களின் பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்களோடு இந்தப் பழக்கங்களும் பெருகின, இங்கே கிடைத்த பூசணி கிழங்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மகாளய அமாவாசைக்கு முன்னோருக்குப் படைக்கிற பெரியவருக்கு இது புரியாமல் போகாது. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், மண்டையோட்டை விட்டுவிட்டுப் பூசணி, பூனை, நிலா என்று செய்யுங்கள், பிள்ளைகளுக்கு அதுவும் சந்தோஷம்தான். அதிரசப் பாகு அடுப்பில் இருக்கும்போது ஓவனில் குக்கி வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், இரண்டுக்கும் முழுக் கவனம் வேண்டும்.

பிள்ளைகள் பச்சை மாவை வழித்துத் தின்கிறார்கள். முட்டை இல்லாத மாவுதானே, பரவாயில்லையா?
– வாசகி, ராலே

கூடாது. முட்டை இல்லாவிட்டாலும் மைதா வேகாத மாவுதான், 2016-ல் அமெரிக்காவில் பச்சை மாவிலிருந்த ஈ.கோலை கிருமியால் பலர் நோயில் விழுந்தார்கள். வழித்துத் தின்ன ஆசையென்றால் ஐசிங் கிண்ணத்தைக் கொடுங்கள்.

வேலைக்குப் போகிறேன், எவ்வளவு நாள் முன்பே செய்து வைக்கலாம்?
– வாசகி, சான் ஹோசே

மாவைத் தேய்த்து, நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். பேக் செய்த குக்கியை, ஐசிங் போடாமல், காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் வெளியிலேயே வைக்கலாம். ஐசிங்கைப் பார்ட்டிக்கு இரண்டு நாள் முன்பு போடுங்கள். சிலந்தி வலையைத் தவிர மற்றதற்கெல்லாம் வெள்ளை முழுதும் காய்ந்த பிறகுதான் அதன் மேல் கறுப்பு, ஒரு ராத்திரி இடைவெளி விட்டால் நல்லது. அடுக்கும்போது நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். ஐசிங் போட்டதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துக் கறுப்பு வெள்ளையில் இறங்கிவிடும்.